அம்சவல்லி வீட்டு மோடம்

எங்கள் தெருவில் பழைய மோடங்கள் தூர தேசத்தை உதிர்க்கத் தொடங்கியது எந்த வருஷம் என்று கேட்டால் ஆளுக்கொரு வருஷம் சொல்வார்கள், ஆனால் முதலில் உதிர்ந்தது அம்சவல்லி அக்கா வீட்டில்தான் என்பதில் யாருக்கும் சண்டை கிடையாது. ஒரு வெள்ளிக்கிழமை காலையில் சாமி அலமாரியைத் துடைக்கப் போனவள், முருகன் படத்துக்குப் பக்கத்தில் பச்சை விளக்கு மினுக்கிக்கொண்டிருந்த பெட்டிக்கு அடியில் ஒரு சிட்டிகை மணலைப் பார்த்தாள், பல்லி தட்டிவிட்ட சுவர்ப்பொடி என்று துடைத்தாள், மறுநாளும் இருந்தது, துடைத்தாள், அதற்கு மறுநாள் ஒரு கைப்பிடி இருந்தது, அதில் வெள்ளையாய்ச் சிப்பி உடைசல் கலந்திருந்தது. சாயங்காலம் சவுதியில் இருந்து பேசிய வீரசேகரன் அண்ணனிடம் சொன்னபோது அவர் தன் செருப்பைக் கழற்றி உதறி, விழுந்ததை உள்ளங்கையில் வைத்துத் திரைக்கு நேரே காட்டினார். இரண்டும் ஒன்றாக இருந்தன. அதற்கு மேல் அதைப் பற்றிப் புருஷனும் பெண்டாட்டியும் பேசவில்லை, கொல்லைச் சுவருக்கு வெள்ளையடிப்பதைப் பற்றிப் பேசினார்கள்.

எங்கள் தெருவுக்குப் பஞ்சாயத்துப் பலகையில் வேறு பெயர் இருக்கிறது, யாரும் அதைச் சொல்வதில்லை. அறந்தாங்கியில் பஸ் ஏறி 'பாஸ்போர்ட் தெரு' என்றால்தான் கண்டக்டர் தலையாட்டுவார், ஏனென்றால் வீட்டுக்கு ஒரு ஆம்பளை வெளிதேசத்தில் இருக்கிறான். ஒவ்வொரு வீட்டிலும் சாமி அலமாரியில் ஒரு மோடம். லைன் பார்க்க வருகிற ஜெரால்டு அதை ரூட்டர் என்று திருத்துவான், நாங்கள் திருந்தவில்லை. ஆயுத பூஜைக்கு அதற்குச் சந்தனப் பொட்டு உண்டு, தூசி படாமல் பின்னல் உறை உண்டு, அணைப்பது மட்டும் கிடையாது. அங்கே எந்த ஷிப்ட் முடிந்து எந்த நேரத்தில் கூப்பிடுவானோ என்று, வாங்கிய நாளில் இருந்து அணைக்காமல், வெள்ளைப் பெட்டி மஞ்சளாகி, மஞ்சள் பழுப்பாகி, தொட்டால் காய்ச்சல்காரன் நெற்றி மாதிரிச் சுடுகிற வரைக்கும் அணைக்காமல் வைத்திருந்தோம். நாலைந்து வருஷத்துக்கு ஒருமுறை மாற்ற வேண்டிய சாமான் என்று ஜெரால்டு சொல்லிக்கொண்டேதான் இருந்தான். ஒரே ஊரோடு இத்தனை வருஷம் பேசிய பெட்டியில் அந்த ஊர் கொஞ்சம் கசிவதில் என்ன இருக்கிறது என்றுதான் எங்களுக்குத் தோன்றியது.

அம்சவல்லி அக்காவுக்குப் பிறகு வரிசையாக எல்லா வீட்டிலும் உதிர்ந்தது. சவுதி, குவைத் வீடுகளில் மணல், சிங்கப்பூர் வீடுகளில் மத்தியானத் தூறல், கடைசி வீட்டில் லண்டன் மூட்டம், அந்த வீட்டில் மட்டும் துணி காயவே காயாது. எங்கள் வீட்டில், என் அண்ணன் டொராண்டோவில் இருப்பதால், மார்கழி பிறந்தால் பனி. தூறல் வீட்டுக்காரர்கள் மோடத்துக்கு அடியில் அண்டா வைத்து, அந்தத் தண்ணீரில் பருப்பு சீக்கிரம் வேகிறது என்று கண்டுபிடித்தார்கள். மீன்கார சகாயம் விடிந்ததும் எங்கள் வாசலில் பெட்டியோடு வந்து நின்று பனியை அள்ளிக்கொண்டு இரண்டு சங்கரா மீனை வைத்துவிட்டுப் போவார். கொத்தனார்கள் மணலைக் கேட்டு வாங்கிப் போய்க் குழைத்துப் பார்த்து, இது சிமெண்டைப் பிடிக்காத மணல் என்று திருப்பிக் கொண்டுவந்து கொட்டினார்கள். கல்யாணத் தரகர், பெண் வீட்டில் என்ன விழுகிறது என்பதைத்தான் முதலில் கேட்டார். பனி விழுகிற வீட்டுக்கு ஒரு மரியாதை, மணல் விழுகிற வீட்டுக்கு இன்னொரு மரியாதை. நான் காரைக்குடிக்குப் பஸ்ஸில் போய்ப் பல்கலைக்கழகத்தில் சமூகவியல் படிக்கிறவள், ஏற்கெனவே இருக்கிற மேல் கீழ் போதாதென்று பெட்டியில் இருந்து விழுவதிலும் மேல் கீழ் பார்ப்பீர்களா என்று அவரிடம் கேட்டேன். அவர் என் அம்மாவைப் பார்த்து, "இந்தப் புள்ளைக்கு மாப்ள பாக்குறது, வீட்டுல பனியே கொட்டினாலும் செரமந்தான்" என்று சொல்லிவிட்டுக் காபியை ஆற்றினார்.

ஆனால் அம்சவல்லி அக்கா வீட்டு மணலைப் போல வேறு எந்த வீட்டிலும் விழவில்லை. அது அங்கத்திய சூட்டோடு விழும். நமக்கு விடிந்து வெகு நேரம் கழித்தும் குளிர்ந்திருக்கும், நமக்கு மத்தியானம் சாய்கிற நேரத்தில்தான் கொதிக்கும், அதுதான் அங்கே உச்சி. அந்த மணலில் விரலை வைத்துப் பார்த்துவிட்டுத்தான் அக்கா சோற்றுக்கு உட்காருவாள், வீரசேகரன் அண்ணன் அப்போதுதான் சாப்பிடுவார் என்று. கல்யாணமாகி நாலு மாசத்தில் போனவர். நடுவில் இரண்டு தடவை வந்தவர். மீதி வாழ்க்கையை அவள் இப்படித்தான், அவர் சூட்டைத் தொட்டுப் பார்த்து வாழ்ந்தாள்.

போன மாசிக்கு முந்தின மாசியில் வீரசேகரன் அண்ணன் கூப்பிட்டு, வேலையை உள்நாட்டுப் பக்கம் மாற்றியிருக்கிறார்கள், குழாய் பதிக்கிற வேலை, டவர் இருக்காது, போய்ச் சேர்ந்ததும் எப்படியாவது கூப்பிடுகிறேன் என்றார். பிறகு கூப்பிடவில்லை. கம்பெனியைக் கேட்டால் ஆள் எங்களிடம் இல்லை என்றார்கள், ஏஜெண்டைக் கேட்டால் கம்பெனியைக் கேள் என்றார், தூதரகத்துக்கு நானே இங்கிலீஷில் எழுதினேன், கிடைத்தது என்று மட்டும் பதில் வந்தது. ஒரு மனிதன் இரண்டு அரசாங்கத்துக்கு நடுவில் காணாமல் போகலாம், இரண்டு பேரும் கையை உதறிவிட்டு உட்கார்ந்திருக்கலாம், இதைக் கேட்க ஒரு நாதி இல்லை. மணல் மட்டும் நிற்கவில்லை. ஆனால் மாறியது. சிப்பி உடைசல் போய், செக்கச் சிவந்து, மாவு மாதிரி நைசாக, முன்னைவிடச் சூடாக விழ ஆரம்பித்தது. உள்நாட்டுக்குப் போய்ச் சேர்ந்துவிட்டார் என்று அக்கா அறிந்துகொண்டாள்.

வீரசேகரனுக்கு அண்ணன் வைரக்கண்ணு மாமா. அப்பன் இல்லாத தம்பியைத் தோளில் தூக்கி வளர்த்தவர், கடன்பட்டு விமானம் ஏற்றியவர், எங்கள் தெருச் சங்கத்துக்குச் செயலாளர். அந்தக் குடும்பத்தில் தம்பி பெண்டாட்டியோடு மூத்தவர் நேருக்கு நேர் பேசுவதில்லை, அவள் இருக்கிற அறைக்குள் கால் வைப்பதும் இல்லை. ஏதாவது சொல்ல வேண்டுமென்றால் மூன்றாவது ஆள் ஒருத்தர் வேண்டும், எதிர்வீட்டுக்காரியான நான்தான் சின்ன வயசில் இருந்து அந்த மூன்றாவது ஆள். அவர் வாசற்படியில், அக்கா கதவுக்குப் பின்னால், நடுவில் நான். அக்கா அங்கே இருக்கிறாள் என்பதற்கு அவள் கண்ணாடி வளையல் சத்தம்தான் சாட்சி. எனக்கு இந்த ஏற்பாட்டின் மேல் உள்ள கோபத்தைத் தனியாக எழுத வேண்டும், இங்கே இடமில்லை.

ஒரு நாள் அப்படி வந்து நின்ற மாமா கையில் அச்சாபீஸில் இருந்து வந்த மாதிரிப் பத்திரிகை ஒன்று இருந்தது. அவர் மகள் சுகப்பிரியாவுக்குக் கல்யாணம் நிச்சயமாகியிருந்தது. ஆள் போனது உறுதியாகாமல், காரியமும் செய்யாமல் இருக்கிற வீட்டில் பந்தக்கால் ஊன்றக்கூடாது என்று பங்காளிகள் சொல்லிவிட்டார்கள். பத்திரிகையில் சித்தப்பா பெயரைப் போட்டாக வேண்டும். அச்சில் 'அமரர் வீரசேகரன்' என்று இருந்தது.

"சொல்லு தாயி," என்றார் மாமா என்னைப் பார்த்து. "மணலு பாலைவனத்துக்குச் சொந்தம், எந்தம்பிக்குச் சொந்தமில்ல. அவன் இருந்தாலும் விழும், இல்லாட்டியும் விழும்."

நான் திரும்பத் தேவையே இல்லாமல் கதவுக்குப் பின்னால் வளையல் நகர்ந்தது. "நீயும் சொல்லு இலக்கியா. எனக்கு அவரு எப்பவும் மணலாத்தான் வந்தாரு. அது போதாதுன்னா, ஏர்போர்ட்டுக்கு வேன் ஏறுன அன்னிக்கே என் வளையல ஒடச்சிருக்கணும்."

நான் எடுத்துச் சொல்லத் தேவையிருக்கவில்லை, இரண்டு பேருக்கும் காது கேட்டது. மாமா பத்திரிகையை மடித்துச் சட்டைப்பைக்குள் வைத்துக்கொண்டு, படியிறங்கிப் போனார்.

புது லைன் பேச்சு வந்தது அதற்குப் பிறகுதான். பழைய செம்புக் கம்பியை மொத்தமாக நிறுத்திவிட்டுக் கண்ணாடி இழை கொடுக்கப்போகிறார்கள், வீட்டுக்கு வீடு புது ரூட்டர், வீடியோ திக்காது, படம் உறையாது, ஆனால் ஒரு வீடு பழைய பெட்டியை விடமாட்டேன் என்றாலும் கம்பியை நிறுத்த முடியாது, தெருவுக்கே கிடையாது என்று ஜெரால்டு வந்து விளக்கினான். எனக்கும் அது வேண்டும்தான். பேராசிரியர்கள் ஆன்லைனில் கேள்வி கேட்கும்போது என் முகம் வாயைத் திறந்தபடி உறைந்து நிற்பதும், நான் சொல்லி முடித்த பதில் அடுத்த கேள்விக்குப் போய்ச் சேருவதும் எனக்குத்தான் தெரியும். அதற்காக எதை வேண்டுமானாலும் பிடுங்கலாமா என்பதுதான் கேள்வி.

சமுதாயக் கூடத்தில் கூட்டம் போட்டார்கள். வீட்டுக்கு ஒரு கை, அந்தக் கை ஆம்பளைக் கை, ஆம்பளை துபாயில் இருந்தால் அவனுக்காக அண்ணனோ மாமனோ தூக்குவார்கள். தினமும் அந்தப் பெட்டியைத் துடைத்து, அது கொட்டுவதை அள்ளிப் போடுகிற பெண்கள் பின்னால் பாயில் உட்கார்ந்து டீ தம்ளர்களைச் சேகரித்துக்கொண்டிருந்தார்கள். வைரக்கண்ணு மாமா தன் வீட்டுக்காக வலது கையையும் தம்பி வீட்டுக்காக இடது கையையும் தூக்கினார்.

நான் எழுந்தேன். அம்மா என் தாவணியைப் பிடித்து இழுத்தாள், உருவிக்கொண்டேன்.

"மாமா, எடது கை யாருக்கு?"

"தம்பிக்கு."

"கை தூக்குறதுக்கு உயிரோட இருக்காரு. பத்திரிகையில மட்டும் எப்புடி அமரராயிட்டாரு?"

கூட்டத்தில் ஒருத்தர் சிரித்து, பிறகு நிறுத்திக்கொண்டார். மாமா கோபப்படுவார் என்று எதிர்பார்த்து அடுத்த வாதத்தைத் தயாராக வைத்திருந்தேன். அவர் இரண்டு கையையும் இறக்காமல், பிடிபட்ட ஆள் மாதிரி நின்றபடியே சொன்னார்: "எங்க வீட்டுல ஒப்பாரியும் வைக்க முடியல, மேளமும் வைக்க முடியல, தாயி. ரெண்டுல ஒண்ண நீ சொல்லு. இந்தக் கைய எறக்கிடுறேன்."

நான் உட்கார்ந்தேன். அவர் கை அப்படியே இருந்தது, தீர்மானம் நிறைவேறியது. ஜெரால்டு பெட்டியைக் கழற்றுவான், மணல் நிற்கும், நின்றால் அவளும் ஒப்புக்கொள்வாள், அழுது முடித்துவிட்டுப் பந்தக்கால் ஊன்றலாம். இவ்வளவுதான் மாமாவின் கணக்கு. கெட்டவர் போட்ட கணக்கு இல்லை அது, அதனால்தான் எனக்கு இன்னும் ஆத்திரம் வந்தது.

மாற்றுகிற நாளில் பஸ் ஏறாமல் வீட்டில் இருந்தேன். ஜெரால்டு தெருக்கோடியில் இருந்து ஒவ்வொரு வீடாக வந்தான். ஒவ்வொரு பெட்டியும் கழற்றும்போது கடைசியாக ஒருமுறை உதிர்த்துவிட்டு நின்றது. குவைத் வீட்டில் ஒரு கை மணல், சிங்கப்பூர் வீட்டில் அண்டாவுக்குள் நாலு சொட்டு, லண்டன் வீட்டில் மூட்டம் கலைந்து சுவரில் இருந்த காலண்டரின் தேதி முதல் தடவையாகத் தெளிவாகத் தெரிந்தது. எங்கள் வீட்டில் கடைசிப் பனியை அம்மா தம்ளரில் ஏந்தினாள். அது உருகும் வரைக்கும் பார்த்துக்கொண்டிருந்துவிட்டுக் குடித்தாள். பிறகு ஜெரால்டு நாலு கொம்பு வைத்த வெள்ளைப் பெட்டியை மாட்டினான், அண்ணனைக் கூப்பிட்டோம், முகம் கண்ணாடி மாதிரி வந்தது, எங்களோடு பேசிக்கொண்டே அவன் வேறு ஒரு திரையைப் பார்த்துக்கொண்டிருக்கிறான் என்பதுவரைக்கும் தெளிவாக வந்தது.

இப்படி எல்லா வீடும் முடிந்து அம்சவல்லி அக்கா வீடு மட்டும் மிச்சம் இருந்தது. அதைக் கழற்றினால்தான் கம்பியை நிறுத்தலாம், நிறுத்தினால்தான் புது லைன் நிலைக்கும் என்பதால் தெருவே வாசலில் நின்றது. ஜெரால்டு படியேறவில்லை. "எனக்கு மனசு வரல, நீங்க யாராவது எடுத்துக் கொடுங்க" என்று ஸ்க்ரூ டிரைவரைக் கையில் உருட்டிக்கொண்டு நின்றான். நான் நடுவில், வழக்கமான என் இடத்தில். நமக்கு மத்தியானம் சாய்ந்துகொண்டிருந்தது. மாமா படியில் நின்று, "தாயி, சொல்லு," என்று ஆரம்பித்தார்.

அக்கா கதவுக்குப் பின்னால் இருந்து வெளியே வந்தாள். தலையில் முக்காடு இல்லை, என்னைப் பார்க்கவும் இல்லை. அவரைப் பார்த்தாள்.

"அவ எதுக்கு நடுவுல? எங்கிட்டயே சொல்லுங்க பெரியத்தான்."

அந்தக் குடும்பத்தில் அப்படி ஒரு குரல் கேட்டதே இல்லை. மாமா குனிந்துகொண்டார்.

"நீங்களே கழட்டுங்க," என்றாள் அக்கா. "வேற ஆளு கை வேணாம். அவரு கூடப் பொறந்த கை கழட்டட்டும். மணலு நின்னுச்சுன்னா வளையல நானே ஒடைக்கிறேன், நீங்க பந்தக்கால ஊணுங்க."

எல்லா வீட்டிலும் நின்றதை அவளும் பார்த்துக்கொண்டுதானே இருந்தாள். இது நியாயமில்லாத பந்தயம், வேண்டாம் அக்கா என்று சொல்ல வாயெடுத்தேன். அவள் கையைக் காட்டி என்னை நிறுத்தினாள்.

மாமா செருப்பைக் கழற்றிவிட்டு அந்த அறைக்குள் முதல் தடவையாகக் கால் வைத்தார். அலமாரிக்கு அடியில் சிவப்பாகக் குவிந்திருந்த மணலை மிதித்துவிடாமல் ஒதுங்கி நின்று, பின்னல் உறையை எடுத்தார், சந்தனப் பொட்டு காய்ந்திருந்த அந்தப் பழுப்புப் பெட்டியைத் தூக்கி, முதலில் கம்பியைப் பிடுங்கினார், பிறகு கரண்டு வயரைப் பிடுங்கினார். பச்சை விளக்குகள் ஒவ்வொன்றாக அணைந்தன. எதனோடும் ஒட்டாமல், குழந்தையைப் போல, பெட்டி அவருடைய இரண்டு கையிலும் இருந்தது.

மணல் விழுந்தது.

நின்றுபோன மாதிரி ஒரு மூச்சு நேரம் இருந்துவிட்டுத்தான் விழுந்தது, பெட்டியின் காற்றுத் துளைகள் வழியாக, முன்பு விழுந்ததைப் போலவே மெல்லிசாக, விடாமல், அவருடைய விரல் இடுக்குகளில் நிறைந்து மணிக்கட்டில் வழிந்து விழுந்தது. அங்கே அப்போது உச்சி. மாமாவின் உள்ளங்கை சிவந்தது, ஆனால் அவர் பெட்டியை விடவில்லை. அந்த மணல் யாருக்குச் சொந்தம் என்று படியில் நின்று வாதாடியவர், இத்தனை வருஷத்தில் அதை ஒருமுறைகூடத் தொட்டதில்லை.

"சுடுது," என்றார். பிறகு, யாரிடம் என்று இல்லாமல், "வெயில்ல நிக்கிறான்," என்றார். "எந்தம்பி வெயில்ல நிக்கிறான்."

அக்கா பெட்டியை வாங்கவில்லை. முந்தானையை விரித்து அவர் கைக்குக் கீழே பிடித்துக்கொண்டாள்.

மற்ற எல்லா வீட்டிலும் நின்றது, இது ஏன் நிற்கவில்லை என்று தெரு ரொம்ப நாள் பேசியது. மற்றவர்களுக்கெல்லாம் புதுப் பெட்டி வழியாக வர வழி கிடைத்துவிட்டது, அவருக்கு வேறு வழி இல்லை, இருக்கிற வழியில் வருகிறார் என்று அம்மா சொன்னதைத்தான் கடைசியில் எல்லாரும் ஒப்புக்கொண்டார்கள். செம்புக் கம்பியை நிறுத்தினார்கள், புது லைன் நிலைத்தது, பேராசிரியர்களுக்கு என் பதில் நேரத்துக்குப் போய்ச் சேர்ந்தது. பங்காளிகள் முணுமுணுத்தார்கள், மாமா அவர்களை வரிசையாகக் கூட்டிவந்து, ஒவ்வொருத்தர் கையையும் பிடித்து மத்தியானத்தில் அந்த மணலில் வைத்து எடுத்தார், அதோடு முடிந்தது. சுகப்பிரியாவின் பத்திரிகை புதிதாக அச்சாகி வந்தது. அதில் தங்கள் வரவை நாடுகிறவர்கள் வரிசையில், முன்னால் ஒரு சொல்லும் இல்லாமல், வீரசேகரன் – அம்சவல்லி என்று இருந்தது.

இதைச் சந்தோஷமான முடிவு என்று யாராவது எடுத்துக்கொண்டால் எனக்குக் கோபம்தான் வரும். அவர் வரவில்லை. தூதரகத்துக்கு நான் இன்னும் எழுதிக்கொண்டுதான் இருக்கிறேன். வேகமான லைனில் அனுப்புகிறேன், கிடைத்தது என்ற பதில் வேகமாக வருகிறது.

மாமா மட்டும் அன்றையில் இருந்து தினமும் மத்தியானம் சாய்கிற நேரத்தில் தலைத்துண்டை நனைத்துப் பிழிந்து எடுத்துக்கொண்டு வருகிறார். கூப்பிடாமலே உள்ளே போய், எதனோடும் ஒட்டாமல் முருகன் படத்துக்குப் பக்கத்தில் இருக்கிற அந்தப் பெட்டியின் மேல் ஈரத்துண்டைப் போர்த்திவிட்டு, கீழே உட்கார்ந்துகொள்கிறார். அக்கா அவருக்கும் சேர்த்துத் தட்டு வைக்கிறாள். இரண்டு பேரும் நேருக்கு நேர் பேசுகிறார்கள். அரிசியைப் பற்றி, சுகப்பிரியா மாமியார் வீட்டைப் பற்றி. எனக்கு அங்கே வேலை இல்லை, ஆனாலும் போய் உட்கார்ந்திருப்பேன்.

நேற்று அப்படித்தான் மாமா துண்டைப் போர்த்திவிட்டு உட்கார்ந்தார். அக்கா சோறு போடுவதற்கு முன்னால் வழக்கம்போல மணலில் விரலை வைத்தாள். எடுக்கவில்லை. மறுபடி கை முழுவதையும் வைத்தாள். நானும் வைத்துப் பார்த்தேன், அங்கே உச்சி வேளை, ஆனால் மணல் சுடவில்லை. மாமா எங்கள் இரண்டு பேர் முகத்தையும் மாறி மாறிப் பார்த்தார். மணல் குளிர்ந்திருந்தால் என்ன அர்த்தம் என்று எனக்கு இரண்டு பக்கமும் வாதாடத் தெரியும், நான் கையை எடுத்துக்கொண்டேன்.

அக்கா கையைத் தட்டிவிட்டு, வளையலை மேலே ஏற்றிக்கொண்டு, சோற்றுக் கரண்டியை எடுத்தாள்.

"நெழலுக்கு வந்துட்டாரு பெரியத்தான்," என்றாள். "சாப்புடுங்க."